முள்ளுக்குள்ளே ஒரு தொட்டில்!



'பாலைவனம் ஒன்று வரைந்து காட்டுங்கள்' என்று சொன்னால் என்ன வரைவீர்கள்? மேடும் பள்ளமுமாக மணல், ஓர் ஒட்டகம், அதன் பக்கத்தில் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒரு கள்ளிச்செடி. அவ்வளவுதானே? என் வகுப்பில் ஆண்டுதோறும் மாணவர்கள் வரைந்து தந்த பாலைவனப் படங்கள் எல்லாம் அச்சில் வார்த்தது போல இப்படித்தான் இருக்கும்.

இந்தப் படத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கைகளைத் தூக்கி நிற்கும் அந்தச் செடியின் பெயர் சகுவாரோ. அது வட அமெரிக்காவிலுள்ள சொனோரன் பாலைவனத்தின் செடி. ஒட்டகமோ அரபு நாடுகளிலும் நம் இராஜஸ்தானிலும் வாழ்வது. இரண்டுக்கும் நடுவே பெருங்கடலே கிடக்கிறது!

படத்தில் இன்னொரு குறையும் உண்டு. பாலைவனத்தில் மணலைத் தவிர வேறொன்றும் இல்லை என்று அது சொல்கிறது. உண்மையில் உலகின் பல பாலைவனங்களிலும் வறண்ட நிலங்களிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை செடிகள் நிற்கின்றன. அவை வானுயர்ந்த மரங்கள் அல்ல. அடியிலிருந்தே பல கிளைகளாகப் பிரிந்து, இடுப்பளவு, ஆளுயரம் வளரும் புதர்ச்செடிகள்.

'ஐயே, முட்புதரா? காலில் குத்துமே!' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அந்த முட்புதர் எத்தனை உயிர்களுக்குத் தொட்டிலாக இருக்கிறது என்று தெரிந்தால், அடுத்த முறை அதைப் பார்க்கும்போது நின்று பார்ப்பீர்கள்.

தமிழ்நாட்டின் சிவப்பு மணல்

பாலைவனம் என்றால் என்ன? ஆண்டுக்கு 25 செ.மீ.க்கும் குறைவாக மழை பெய்யும் இடத்தைப் பொதுவாகப் பாலைவனம் என்கிறார்கள். இராஜஸ்தானின் தார்ப் பாலைவனத்தில் உள்ள ஜெய்சால்மரில் ஆண்டு மழை சுமார் 20 செ.மீ. நம் காஞ்சிபுரம் பக்கம் சுமார் 120 செ.மீ. பெய்கிறது. அப்படியானால் தமிழ்நாட்டில் உண்மையான பாலைவனம் கிடையாது. ஆனால் பாலைவனம் போலவே தோன்றும் ஓர் இடம் உண்டு. அதுதான் தேரி!

தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில், திருச்செந்தூர், சாத்தான்குளம், திசையன்விளை பக்கம் போனால் செக்கச்செவேலென்று மணல் மேடுகளைக் காணலாம். குங்குமத்தைக் கொட்டி வைத்தது போல இருக்கும். குதிரைமொழித் தேரி அவற்றில் பெயர் பெற்றது. அந்த மணலுக்கு ஏன் அந்த நிறம்? ஒவ்வொரு மணல் துகளின் மேலும் இரும்புத் துரு போன்ற மெல்லிய பூச்சு படிந்திருக்கிறது. அதனால்தான் அந்தச் சிவப்பு. இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர் 1883-இல் வெளியான தம் நூலில் இந்தத் தேரிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆதிமனிதர்கள் செய்த சின்னஞ்சிறு கல்லாயுதங்களும் தேரிகளில் கிடைத்துள்ளன.

தூத்துக்குடிப் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 65 செ.மீ. மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. மற்ற மாதங்களில் வெயில். ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் மேல்காற்று மணலை வாரித் தூற்றும். பெய்யும் மழையையும் மணல் 'மடக் மடக்' என்று உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலே ஒரு சொட்டும் தங்காது. வெயில், காற்று, நிற்காத நீர் என்று மூன்று சோதனைகள்!

அங்கே யார் வளர்கிறார்கள்? பனை இருக்கிறது. குடை விரித்தது போல உச்சி தட்டையான உடைமரம் இருக்கிறது. முந்திரி இருக்கிறது, அந்தப் பக்கத்து மக்கள் அதைக் கொல்லா மரம் என்பார்கள். அவற்றோடு கணுவுக்கு நான்கு முள் வைத்த சங்கஞ்செடி, கொக்கி முள் வைத்த சூரை, பாதி இளஞ்சிவப்பும் பாதி மஞ்சளுமாகப் பூத்துத் தொங்கும் விடத்தேரை, எருக்கு, ஆவாரை, கள்ளி என்று ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது.

நம் முன்னோர்கள் நிலங்களுக்குப் பெயர் வைத்ததைப் பாருங்கள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. ஐந்தும் செடி, கொடி, மரங்களின் பெயர்கள்! சங்கப் புலவர்கள் பாலை நிலத்தைப் பாடும்போது கள்ளி, உகாய், ஓமை என்று அங்குள்ள செடிகளையும் மரங்களையும் பெயர் சொல்லியே பாடினார்கள். வறண்ட நிலம் என்றால் வெறும் நிலம் என்று அவர்கள் நினைக்கவில்லை.

தண்ணீர் சேமிக்கும் தந்திரங்கள்

நமக்குத் தாகம் எடுத்தால் குழாயைத் தேடி ஓடுகிறோம். செடி எங்கே ஓடும்? நின்ற இடத்திலேயே பிழைக்க வேண்டும். அதற்கு ஆளுக்கொரு தந்திரம் வைத்திருக்கின்றன.

இலை பெரிதாக இருந்தால் அதன் வழியே நீர் ஆவியாகிப் போய்விடும். ஆகவே உடைமரம் இலையைப் பொடிப்பொடியாக வைத்துக்கொள்கிறது. தார்ப் பாலைவனத்தில் கைர் என்றொரு புதர் உண்டு. அது ஆண்டின் பெரும்பகுதி இலையே இல்லாமல் நிற்கிறது. பச்சைத் தண்டே இலையின் வேலையைச் செய்துவிடுகிறது! அதன் காயில் ஊறுகாய் போடுவார்கள்.

எருக்கின் இலை பெரியதாயிற்றே என்று கேட்பீர்கள். தொட்டுப் பார்த்தால் மாவு தடவியது போல இருக்கும். அந்தப் பூச்சு வெயிலின் சூட்டைக் குறைத்து, ஈரம் வெளியேறாமல் காக்கிறது.

கள்ளியின் தந்திரம் இன்னும் அருமை. செடிகள் இலையிலும் தண்டிலும் உள்ள நுண்ணிய துளைகள் வழியாகக் காற்றை உள்ளே எடுத்துக்கொள்கின்றன. அந்தத் துளைகளைப் பகலில் திறந்தால் ஈரம் பறந்துவிடும். ஆகவே கள்ளி பகலில் கதவைச் சாத்திவிட்டு, குளிர்ந்த இரவில் திறக்கிறது. இரவில் எடுத்த காற்றைச் சேமித்து வைத்து, பகல் வெளிச்சத்தில் உணவு சமைக்கிறது.

இன்னொரு செய்தி. நாம் 'கள்ளி' என்ற ஒரே பெயரால் இரண்டு வேறு குடும்பங்களை அழைக்கிறோம். சதுரக்கள்ளி, திருகுகள்ளி ஆகியவை நம் நாட்டில் பழங்காலம் முதல் வளர்பவை. கிள்ளினால் பால் வடியும். சப்பாத்திக்கள்ளி அமெரிக்காவிலிருந்து வந்தது. அதில் பால் வடியாது. (கிள்ளிப் பார்க்க வேண்டாம்! கள்ளிப்பாலும் எருக்கம்பாலும் கண்ணில் பட்டால் பெரும் ஆபத்து.)

காலி இடம் காலி இல்லை!

வறண்ட நிலத்துப் புதர்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தள்ளித் தள்ளி நிற்கும். நடுவில் வெறும் தரை. பார்ப்பவர்கள், 'இவ்வளவு இடம் வீணாகக் கிடக்கிறதே' என்பார்கள்.

மண்ணுக்குள்ளே பார்த்தால் கதை வேறு. ஒரு சிறு புதரின் வேர்கள் அதன் கிளைகளைவிடப் பல மடங்கு அகலமாகப் பரவிக் கிடக்கும். பக்கத்துப் புதரின் வேர்களும் அப்படியே. மேலே காலி மனை போலத் தோன்றும் இடம், கீழே வீடு நிறைந்த தெருவாக இருக்கிறது. கிடைக்கும் கொஞ்சம் நீரைப் பங்கு போட்டுக்கொள்ளத்தான் அந்த இடைவெளி. நடுவில் இன்னொரு புதர் வந்து நின்றால் யாருக்குமே போதாது.

எல்லாச் செடிகளும் ஒரே ஆழத்தில் நீர் தேடுவதும் இல்லை. புல்லின் வேர் மேல்மண்ணில் இருக்கும். புதரின் வேர் அதற்குக் கீழே போகும். வன்னி மரத்தின் ஆணிவேர் இன்னும் ஆழத்துக்கு இறங்கிவிடும். மாடிக்கு மாடி ஆள் குடியிருப்பது போல, மண்ணுக்குள்ளும் மாடிகள்!

சில செடிகள் கண்ணுக்குத் தெரியாமல் விதையாகவே தூங்கிக் கிடக்கும். லேசான தூறலுக்கு அவை ஏமாறுவதில்லை. நன்றாக மண் நனையும் மழை வந்தால்தான் கண் விழிக்கும். சில வாரங்களுக்குள் முளைத்து, பூத்து, காய்த்து, விதையை உதிர்த்துவிட்டு மறையும். வெறும் தரை என்று நாம் மிதித்துப் போகும் இடத்தில் அடுத்த மழைக்கான தோட்டம் காத்துக்கொண்டிருக்கலாம்.

இரவில் இறைக்கும் ஏற்றம்

அந்தக் காலத்தில் கிணற்றிலிருந்து ஏற்றம் போட்டு நீர் இறைத்ததைத் தாத்தா பாட்டியிடம் கேட்டால் சொல்வார்கள். புதர்களும் ஏற்றம் இறைக்கின்றன என்றால் நம்புவீர்களா?

அமெரிக்காவின் வறண்ட பகுதிகளில் வளரும் ஒரு சாம்பல் நிறப் புதரை ஆராய்ந்த அறிவியலாளர்கள் 1987-இல் இதை வெளியிட்டார்கள். பகலில் அந்தப் புதர் வேரால் நீரை உறிஞ்சி இலைக்கு அனுப்புகிறது. இரவில் இலைத் துளைகள் மூடிக்கொள்கின்றன. அப்போது என்ன நடக்கிறது தெரியுமா? ஆழத்தில் ஈர மண்ணில் இருக்கும் வேர்கள் நீரை மேலே ஏற்றுகின்றன. மேல்மண் காய்ந்து கிடப்பதால், மேலே உள்ள வேர்களிலிருந்து அந்த நீர் மண்ணுக்குள் கசிகிறது. மறுநாள் காலையில் புதர் அதைக் குடிக்கிறது. பக்கத்தில் நிற்கும் புல்லும் அதில் கொஞ்சம் குடித்துக்கொள்கிறது!

இப்படி ஏற்றம் இறைக்கும் செடிகளைப் பிறகு உலகின் பல நாடுகளிலும் கண்டுபிடித்தார்கள். ஆள் இல்லை, மாடு இல்லை, மின்சாரம் இல்லை. இரவில் ஓசையே இல்லாமல் ஊருக்கு நீர் இறைக்கும் ஏற்றம்!

தொட்டில் செடி

இப்போது தலைப்புக்கு வருவோம். பாலைவனத்தில் நண்பகலில் மணலின் சூடு 60 டிகிரி செல்சியசைத் தாண்டிவிடும். அதில் ஒரு விதை முளைத்தால் என்ன ஆகும்? இளம் முளை வெந்துவிடும். தப்பினாலும் ஆடு மேய்ந்துவிடும்.

அதே விதை ஒரு புதருக்கு அடியில் விழுந்தால்? அங்கே நிழல் உண்டு. மண் சூடு குறைவு. ஈரம் சற்று நேரம் தங்கும். புதரின் இலைகள் உதிர்ந்து மக்கி எருவாகியிருக்கும். கிளையில் உட்காரும் பறவைகளின் எச்சமும் எருவாகும். காற்றில் பறந்து வரும் நல்ல மண்ணும் புதரில் தடுக்கி அங்கேயே விழும். ஆக, புதருக்கு அடியில் உள்ள மண் சுற்றியுள்ள மண்ணைவிடச் சத்து மிகுந்தது. கடலில் தீவு இருப்பது போல, வறண்ட நிலத்தில் வளமான தீவு அது.

அத்தனைக்கும் மேலே முள்வேலி! ஆட்டின் வாய் உள்ளே போகாது. நிழலும் எருவும் காவலும் ஒரே இடத்தில் கிடைத்தால் குழந்தை வளரச் சொல்லவா வேண்டும்? இப்படி அடைக்கலம் தரும் செடியை அறிவியலாளர்கள் 'செவிலிச் செடி' என்கிறார்கள். செவிலி என்றால் வளர்ப்புத் தாய்.

முதலில் சொன்னோமே, கைகளைத் தூக்கி நிற்கும் சகுவாரோ? அது 12 மீட்டர் உயரம்கூட வளரும்; 150 ஆண்டுகளுக்கு மேல் வாழும். அவ்வளவு பெரிய செடியும் சிறுவயதில் பெரும்பாலும் பாலோ வெர்டே போன்ற இன்னொரு செடியின் நிழலில் வளர்ந்ததுதான்.

அமெரிக்கா வரை போக வேண்டாம். நம் ஊர்ப்பக்கம் வேலியோரம் அடர்ந்த முட்புதரைப் பாருங்கள். நடுவிலிருந்து ஒரு வேம்பு தலை நீட்டும். அதை யார் நட்டார்கள்? வேப்பம்பழம் தின்ற பறவை புதரில் வந்து உட்கார்ந்து கொட்டையைப் போட்டது. புதர் அதை ஒளித்து வைத்து வளர்த்தது. அவ்வளவே!

இதில் ஒரு வருத்தமான பகுதியும் உண்டு. வளர்ப்புப் பிள்ளை பெரிதானதும் தண்ணீருக்கும் வெளிச்சத்துக்கும் தாயோடு போட்டி போடும். சில இடங்களில் தாய்ச்செடி பட்டுப்போய்விடும். இயற்கையில் உதவியும் உண்டு, போட்டியும் உண்டு. இரண்டும் சேர்ந்துதான் செடிகளின் ஊர் நடக்கிறது.

புதர் வீட்டுக் குடித்தனக்காரர்கள்

புதருக்குள் யார் யார் இருக்கிறார்கள்? கவுதாரி அடியில் ஒளிந்து முட்டையிடும். முயல் பகலில் படுத்திருக்கும். கீரி எட்டிப் பார்க்கும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சருகைக் கிளறிப் பூச்சி தேடும். கீச்சான் குருவி தான் பிடித்த பூச்சியை முள்ளில் குத்தி வைக்கும். முள் அதற்குச் சமையலறை ஆணி!

எருக்கஞ்செடியில் கோடு போட்ட புழு ஒன்று இலையைத் தின்றுகொண்டிருக்கும். அது வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியின் குழந்தை. எருக்கின் நஞ்சு அதைக் கொல்வதில்லை. அந்த நஞ்சையே உடலில் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதனால் பறவைகள் அதை நெருங்க யோசிக்கும்.

மணற்பாங்கான புதர்நிலங்களில் ஒரு சிறிய ஓணான் உண்டு. ஆண் ஓணான் தொண்டைக்குக் கீழே உள்ள தோலை விசிறி போல விரித்து மடக்கும். தமிழ்நாட்டில் வாழும் இந்த வகை ஓணான் ஒன்றுக்கு 2016-இல் அறிவியல் பெயர் சூட்டியபோது 'விசிறி' என்ற தமிழ்ச் சொல்லையே வைத்தார்கள். பனையோலை விசிறியை நினைத்து வைத்த பெயர்!

தூத்துக்குடி மாவட்டத்திலேயே வல்லநாட்டில் உடையும் முட்புதரும் நிறைந்த குன்றுப் பகுதி ஒன்று இருக்கிறது. முறுக்கிய கொம்புள்ள வெளிமான்கள் அங்கே வாழ்கின்றன. 1987-இல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

மணலுக்குப் பூட்டு

தேரியில் காற்று பலமாக வீசும் என்றேன் அல்லவா? மணல் அப்படியே மேகம் போலப் பறக்கிறது என்று நினைப்போம். உண்மையில் பெரும்பாலான மணல் துகள்கள் உயரப் பறப்பதில்லை. தவளை போலக் குதித்துக் குதித்துப் போகின்றன. அந்தக் குதி பெரும்பாலும் நம் முழங்கால் உயரத்துக்குள் அடங்கிவிடும்.

இப்போது யோசியுங்கள். முழங்கால் உயரத்தில் போகும் மணலை நிறுத்த எது நல்லது? மொட்டை அடிமரமும் உயரத்தில் கிளையும் உள்ள நெடுமரமா? தரையைத் தொட்டுக்கொண்டு அடர்ந்து நிற்கும் குட்டைப் புதரா? குட்டைப் புதர்தான்! காற்று அதில் மோதி வேகம் குறையும். மணல் அதன் பின்னால் விழுந்து தங்கும். வேர்கள் கீழே பிடித்துக்கொள்ளும்.

தேரிகளில் ஒரு காலத்தில் மணல் மேடுகள் நகர்ந்து வந்து வயல்களை மூடின. அதைத் தடுக்கப் பனையும் உடையும் பிற செடிகளும் நட்டார்கள். இராஜஸ்தானில் ஜோத்பூரில் 1952-இல் பாலைவனக் காடு வளர்ப்பு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. இன்று அது மத்திய வறண்ட மண்டல ஆய்வு நிறுவனம். நகரும் மணலை நிறுத்த அவர்கள் செய்தது என்ன? காய்ந்த புதர்க் கிளைகளை மணலில் வரிசை வரிசையாக ஊன்றினார்கள். மணல் சற்று அடங்கியதும் அந்த வரிசைகளுக்கு நடுவே அந்த மண்ணுக்குரிய புல்லையும் புதரையும் மரத்தையும் வளர்த்தார்கள். செத்த புதர்கூட மணலை நிறுத்துகிறது பாருங்கள்!

தேரி மணல் குடித்த மழைநீரும் வீண் போவதில்லை. அடியில் தங்கி, தாழ்வான இடங்களில் ஊற்றாக வருகிறது. திருச்செந்தூர் பக்கம் மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் இருக்கிறது. சிவந்த மணல்காட்டின் நடுவே நீர் நிறைந்த சுனை! சாமிக்கே அந்தச் சுனையைக் காப்பவர் என்றுதான் பெயர்.

உயிர் கொடுத்தவர்கள்

வறண்ட நிலத்துச் செடிகளின் அருமை அங்கே வாழும் மக்களுக்குத் தெரியும். ஜோத்பூர் அருகே கேஜர்லி என்று ஓர் ஊர். 'கேஜ்ரி' என்றால் வன்னி மரம். நம் விருத்தாசலம் கோயிலின் தல மரமும் வன்னிதான். அதன் இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீனி. காய் மனிதருக்குக் கறி. பஞ்ச காலத்திலும் பட்டுப்போகாது.

1730-ஆம் ஆண்டு. ஜோத்பூர் மன்னரின் ஆட்கள் கட்டட வேலைக்குச் சுண்ணாம்பு சுட விறகு தேடி அந்த ஊருக்கு வந்தார்கள். வன்னி மரங்களை வெட்டப் போனார்கள். பிஷ்னோய் சமூகத்தைச் சேர்ந்த அம்ரிதா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிக்கொண்டார். அவரை வெட்டினார்கள். அவருடைய மகள்களும் ஊர் மக்களும் ஒருவர் பின் ஒருவராக வந்து மரங்களைக் கட்டிக்கொண்டார்கள். 363 பேர் உயிர் விட்டதாக அந்த மக்கள் நினைவு வைத்திருக்கிறார்கள். செய்தி அறிந்த மன்னர் மரம் வெட்டுவதை நிறுத்தச் சொன்னார். செப்டம்பர் 11-ஆம் நாள் நம் நாட்டில் வனத் தியாகிகள் நாளாக நினைவுகூரப்படுவது இதனால்தான்.

வந்தேறிய புதர்

எல்லாப் புதரும் தொட்டில் ஆகுமா? ஆகாது. சீமைக் கருவேலத்தைப் பாருங்கள். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த அந்தச் செடி, 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. விறகுக்கு உதவும், வறட்சியைத் தாங்கும் என்ற நல்லெண்ணத்தில்தான் பரப்பினார்கள். இராமநாதபுரம் பக்கம் அதைக் கரியாக்கி விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் பல உண்டு.

ஆனால் அது வந்த இடத்தில் மற்ற செடிகளுக்கு இடம் கொடுப்பதில்லை. ஆடு மாடுகள் அதன் நெற்றைத் தின்று, சாணத்தோடு விதையை ஊரெங்கும் பரப்பிவிட்டன. ஏரி, குளம், ஆற்றுப்படுகை என்று எங்கும் நெருக்கமாகச் சூழ்ந்து நிற்கிறது. பல செடிகள் இடைவெளி விட்டு வாழ்ந்த ஊரில் ஒரே ஆள் எல்லா மனையையும் வளைத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? 2022-இல் தமிழ்நாடு அரசு இதுபோன்ற அயல் தாவரங்களை அகற்றி, நம் மண்ணுக்குரிய காடுகளை மீட்பதற்கான கொள்கை ஒன்றை வெளியிட்டது.

தரிசு என்று சொல்லலாமா?

2000-ஆம் ஆண்டில் மத்திய அரசு இந்தியாவின் தரிசு நிலங்களைக் காட்டும் வரைபடத் தொகுப்பை வெளியிட்டது. பிறகும் பல பதிப்புகள் வந்தன. அதில் புதர் நிலமும் ஒரு வகைத் தரிசு! சில இடங்களில் மரம் வெட்டி மண் கெட்டுப்போனதால் புதர் மிஞ்சியிருக்கும். உண்மைதான். ஆனால் மழை குறைந்த எத்தனையோ இடங்களில் புதர்தான் அந்த மண்ணின் இயல்பான காடு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டால், 'சும்மாதானே கிடக்கிறது' என்று இயந்திரம் வந்துவிடும்.

வந்தால் என்ன, மறுபடி வளராதா? வளரும், ஆனால் மெல்ல, மிக மெல்ல. அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் கிரியோசோட் என்ற புதர் ஒன்று வட்டமாகப் பரவி நிற்கிறது. ஒரே விதையிலிருந்து தொடங்கிய அதன் வயது சுமார் 11,700 ஆண்டுகள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்! இயந்திரத்துக்கு அதைச் சாய்க்க ஒரு மணி நேரம் போதும்.

மரம் நடுவது நல்ல செயல். பள்ளியில் கன்று கொடுத்தால் மகிழ்ச்சியோடு நடுங்கள். ஆனால் நடுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: 'இந்த இடத்தில் இப்போது யார் இருக்கிறார்கள்?' கவுதாரியும் ஓணானும் குடியிருக்கும் ஆவாரம்புதரைச் சுத்தம் செய்துவிட்டு அங்கே மரக்கன்று நட்டால், ஒரு வீட்டை இடித்து இன்னொன்று கட்டியதாகத்தான் ஆகும். தெருவோரம், பள்ளி வளாகம், வீட்டு வாசல் என்று நட இடமா இல்லை?

நம் காஞ்சியில் தறி இல்லாத தெரு குறைவு. பாவில் ஓர் இழை அறுந்தால் நெய்பவர் தறியை நிறுத்தி, அந்த இழையைத் தேடி முடிச்சுப் போடுவார். ஆயிரக்கணக்கான இழையில் ஒன்றுதானே என்று விடமாட்டார். வறண்ட நிலத்தில் ஒவ்வொரு புதரும் அப்படி ஓர் இழை.

பார்த்து எழுதுங்கள்!

ஓரிக்கைப் பிள்ளைகளுக்குப் பாலாற்றங்கரையே ஆய்வுக்கூடம். ஆண்டின் பெரும்பகுதி அது மணல்தானே! மற்ற ஊர்ப் பிள்ளைகள் ஏரிக்கரை, வேலியோரம், காலிமனை எதையும் தேர்ந்தெடுக்கலாம். பெரியவர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு, காலையில் போங்கள். செருப்பு அவசியம். கையை உள்ளே விடாதீர்கள், பாம்பு இருக்கலாம். பால் வடியும் செடியைத் தொடாதீர்கள்.

ஒரு புதரைத் தேர்ந்தெடுத்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

1. அதன் பெயர் என்ன? தெரியாவிட்டால் ஆடு மேய்க்கும் பெரியவரைக் கேளுங்கள். அவரைவிட நல்ல ஆசிரியர் கிடைக்கமாட்டார்.

2. அதன் அடியில் வேறு என்ன செடிகள் முளைத்திருக்கின்றன? ஓரடி தள்ளி வெயிலில் உள்ள தரையில் எத்தனை? எண்ணி ஒப்பிடுங்கள்.

3. காற்று வரும் பக்கமும் மறுபக்கமும் மண் ஒரே அளவில் குவிந்திருக்கிறதா?

4. கால் மணி நேரம் பேசாமல் தள்ளி உட்காருங்கள். யார் யார் வருகிறார்கள், போகிறார்கள்?

5. பக்கத்தில் சீமைக் கருவேலம் இருந்தால் அதன் அடியிலும் எண்ணுங்கள். வேறுபாடு தெரிகிறதா?

மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை அதே புதரைப் பாருங்கள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வகுப்பில் படித்துக் காட்டுங்கள். 'வெறும் முட்புதர்' என்று யாராவது சொன்னால், உங்கள் கையில் கணக்கு இருக்கும்.